கஸ்பாரின் கொழுப்பு

திங்கட்கிழமை காலைகளில் ஆழிப்பட்டினம் பள்ளியில் இறந்தவர்கள் பேசுவார்கள்.

பிரார்த்தனை முடிந்ததும் பிள்ளைகள் கீழ்த்தளத்து நடைக்கூடத்தில் வரிசையாக வந்து நிற்பார்கள். சுவரில் பதினைந்து படங்கள். ஒவ்வொன்றாக ஒளி பெறும், முகம் அசையும், வாய் திறக்கும். "என் பெயர் இன்னது. என் நாக்கை அடக்க எனக்குத் தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் நாளம் அடைத்து இறந்தேன்." பிள்ளைகள் ஒரே குரலில், "நாங்கள் அடக்குவோம்" என்பார்கள். அடுத்த படம் பேசும். பதினைந்தும் முடிந்தால் வகுப்புக்குப் போகலாம். இதற்குத் 'தின்று மாண்டோர் வரிசை' என்று பெயர். இறந்தவர்கள் உயிரோடு இருந்தபோது தொலைபேசியில் பேசியவற்றிலிருந்து குரலை எடுத்து, உணவொழுங்கு வாரியத்தின் கணினி இந்த வாக்குமூலங்களைத் தயாரித்தது. யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. சில பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

பதினைந்தாவது படம் புதியது. அதில் இருந்தவன் கஸ்பார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவன். முப்பத்தொன்பது வயதில், பாரந்தூக்கியின் கூண்டுக்குள் உட்கார்ந்தபடியே செத்துப்போனவன்.

அந்தத் திங்கட்கிழமை அவன் முகம் ஒளி பெற்று, "என் நாக்கை அடக்க எனக்கு..." என்று தொடங்கியதும், ஆறாம் வகுப்பு வரிசையிலிருந்து ஓர் எவர்சில்வர் தண்ணீர்க்குப்பி பறந்து வந்து கண்ணாடியில் மோதியது. கண்ணாடி விரிசல் விட்டது. படம் அணையவில்லை. கஸ்பாரின் குரல், "நாக்கை... நாக்கை... நாக்கை..." என்று திக்கிக்கொண்டே இருந்தது.

குப்பியை எறிந்தவள் பதினொரு வயது அமலி. கஸ்பாரின் மகள்.

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது அவள் தாய் பிலோமினா, நன்னீர்க் கூடத்தில் முழங்கால் அளவு உப்புநீரில் நின்று ஒரு விசைக்குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தூத்துக்குடிக் கரையிலிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளிக் கடல்மேல் மிதந்த அந்த நகரத்தின் நாற்பதாயிரம் பேருக்கும் குடிநீர் அந்தக் கூடத்திலிருந்துதான் போனது. நனைந்த உடையோடு அவள் பள்ளிக்கு ஓடினாள்.

தலைமையாசிரியை உடைந்த கண்ணாடியைப் பற்றி அதிகம் பேசவில்லை. அமலியின் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். தோலுக்கடியில் அரிசி அளவு சிவப்பு ஒளி தெரிந்தது.

பதினொரு வயதானதும் எல்லோருக்கும் அங்கே பொருத்தப்படும் கருவி அது. பெயர் நாடிமணி. ரத்தத்தில் கெட்ட கொழுப்பு எவ்வளவு ஓடுகிறது என்பதை மணிக்கொரு முறை அளந்து, பச்சையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ ஒளிரும். வீட்டு அடுப்பு அந்த ஒளியைப் படிக்கும். சிவப்பு மணிக்காரர் வீட்டில் தேங்காயெண்ணெய்யோ நெய்யோ சட்டியில் விழுந்தால் அடுப்பு எரியாது.

"போன வியாழக்கிழமைதான் பொருத்தினோம். இருநூற்று எண்பத்தாறு" என்றார் தலைமையாசிரியை. "நூறு இருந்தாலே இந்த வயசுக்கு அதிகம். பிள்ளைக்கு வீட்ல என்னதான் குடுக்கீங்க? அப்பா போயி இன்னும் ஒரு வருஷம் ஆகலையேம்மா."

"கம்பங்கூழு. அவிச்ச பயறு. வெண்டைக்காய். வேற என்ன இருக்கு அந்த வீட்டுல?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. மணி வேற சொல்லுதே."

அமலி தலையைத் தூக்கினாள். "எங்கப்பா அப்படிப் பேச மாட்டாங்க டீச்சர். எங்கப்பா எதையும் களவாத் திங்கல."

"ஏட்டி, சும்மா இரு" என்றாள் பிலோமினா. சொன்ன வேகத்திலேயே அவளுக்குத் தன்மேல் ஆத்திரம் வந்தது.

அந்த ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. மகள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைக் கணவன் உயிரோடு இருந்தவரை பிலோமினா சொன்னதில்லை. நம்பியதுமில்லை.

கஸ்பாரின் மணி முப்பத்தொரு வயதில் சிவப்பானது. முந்நூற்று நாற்பது. அன்றிலிருந்து எட்டு வருடம் அவன் சாப்பிட்டதைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது. காலையில் கூழ், மதியம் பயறும் கீரையும், மாலையில் கொய்யாக்காய், இரவில் ஆவியில் வெந்த சாளை மீன். கிறிஸ்துமஸ் அன்றைக்குக்கூட அவன் தட்டில் மற்றவர்கள் சாப்பிட்டது விழவில்லை. எட்டு வருடத்தில் முந்நூற்று நாற்பது முந்நூற்று ஐந்தாக இறங்கியது. அதற்குக் கீழே அது அசையவில்லை. துறைமுகத்தில் அவனை 'ஒளிச்சுத் தின்னி' என்று கூப்பிட்டார்கள். மருத்துவமனையின் எந்திரம், 'சுயவினையால் ஏற்பட்ட நிலை, சிகிச்சை தேவையில்லை, ஒழுக்கம் தேவை' என்று அச்சடித்துக் கொடுத்தது. கடைசி வாரத்தில் பிலோமினாவே கேட்டாள்: "உண்மையச் சொல்லுங்க. வெளிய எங்க போய்த் தின்னுட்டு வாறீங்க?"

கஸ்பார் கோபப்படவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனான். நான்காம் நாள் செத்துப்போனான்.

அவன் பொருட்களை வாங்கி வந்தபோது அவள் சட்டைப் பைகளையெல்லாம் துழாவினாள். ஒரு பொட்டலக் காகிதமாவது கிடைக்கும், தான் கேட்டது நியாயம்தான் என்று ஆகிவிடும் என்று தேடினாள். அரைக் கொய்யாக்காயும் கொஞ்சம் வறுத்த கடலையும் கிடைத்தன.

பள்ளியிலிருந்து திரும்பிய அன்று மகளுக்கு வாரியத்தின் ஆணை வந்தது. தாயின் கண்காணிப்பு போதாததால் அமலி மறுமாதம் முதல் வாரியத்தின் ஒழுங்கு விடுதியில் தங்க வேண்டும். தினமும் மூன்று வேளை கூழ். திங்கட்கிழமை தோறும் பள்ளி வரிசையில் தவறாமல் நிற்க வேண்டும்.

பிலோமினா அந்த ஆணையை இரண்டு முறை படித்தாள். பிறகு மகளையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போகும் படகில் ஏறினாள்.

தூத்துக்குடியில், துறைமுகத் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதிக்கும் கூடத்தில் சபுரா வேலை பார்த்தாள். காயல்பட்டினத்துப் பெண், முப்பது வயது இருக்கும். பிலோமினா மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு பேசினாள்.

"எம் மவ கையப் பாரு. இப்ப எங் கையப் பாரு. ஒரே பானையில ரெண்டு பேரும் திங்கோம். அவளுக்குச் செகப்பு, எனக்குப் பச்சை. இதுக்குப் பதில் சொல்லுறவரைக்கும் நான் இங்கேருந்து போமாட்டேன்."

"ஒரே பானைதானா அக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் சபுரா.

பிலோமினா மேசையிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நான் ஒளிச்சுத் திம்பேன். நன்னீர்க் கூடத்துக்குப் பின்னால கரைப் படகு வரும். வடை, பொரிச்ச நெத்திலி, நெய் மைசூர்பாகு. வாரத்துல நாலு நாள். எம் புருசன் கூழக் குடிச்சான், நான் வடையத் தின்னேன். ஒரு நாளும் எனக்கு நூத்துக்கு மேல போனதில்ல."

சபுரா சிரிக்கவில்லை. கஸ்பாரின் ரத்தம் கூடத்தில் உறைநிலையில் இருந்தது. அதையும் அமலியின் ரத்தத்தையும் எந்திரத்தில் வைத்துவிட்டு, முடிவு வரும்வரை எடுத்துச் சொன்னாள்.

"கொழுப்பு நாம திங்கிறதுலேருந்து மட்டும் வரலக்கா. பெரும்பங்கு ஈரலே செய்யுது. ரத்தத்துல மிஞ்சினத வாரி எடுக்கிறதும் ஈரல்தான். அதுக்கு ஈரல் மேல சின்னச் சின்னக் கதவு இருக்கு. நெய், பாமாயில், கறிக் கொழுப்பு அதிகமாப் போனா அந்தக் கதவுகள் கொறையும், ரத்தத்துல கெட்ட கொழுப்பு ஏறும். கம்பு, பயறு, வெண்டைக்காய் தின்னா, அந்த நார் கொஞ்சத்த வயித்துலயே பிடிச்சு வெளிய இழுத்துட்டுப் போயிரும். அதனால சாப்பாடு முக்கியம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா சில பேரு பொறக்கும்போதே பாதிக் கதவோடதான் பொறக்காங்க. எரநூத்தம்பது பேருக்கு ஒருத்தர். அவங்க கூழ் குடிச்சா முப்பது புள்ளி எறங்கும். மீதி எறங்காது."

எந்திரம் முடிவைக் காட்டியது. தகப்பனுக்கும் மகளுக்கும் ஒரே இடத்தில் ஒரே பிழை.

"இதுக்கு மருந்தே இல்லையா?"

"இருக்கு. நூறு வருசத்துக்கு முன்னாலேயே இருந்தது. ஈரல்வில்லைன்னு ஒரு மாத்திரை. இல்லாத கதவுக்குப் பதிலா, இருக்கிறதுலேருந்து கூடுதல் கதவத் திறக்கச் சொல்லும். மாத்திரை குடுத்தா சனங்க நாக்கை அடக்க மாட்டாங்கன்னு வாரியம் அதப் பட்டியல்லேருந்து எடுத்துட்டு. யாரும் இப்ப செய்யல."

பிலோமினா எந்திரத்தையே பார்த்தாள். "அப்ப எம் புருசன் பொழச்சிருப்பான்."

சபுரா சோதனைத் தாளை மடித்து அவள் கையில் வைத்தாள்.

ஆணையை எதிர்த்து பிலோமினா கேட்ட விசாரணை மறுவாரம் வாரியத்தின் மண்டபத்தில் நடந்தது. மாவட்ட ஒழுங்கர் இளவழுதி, மெலிந்த உடம்பும் பச்சை மணியும் கொண்டவர், சோதனைத் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"இது ஒரு சோதனைக் கூடத்தின் கருத்து. எங்களிடம் எட்டு வருட அளவீடு இருக்கிறது. கருவி பொய் சொல்லாது, அம்மா."

"கருவி பொய் சொல்லல சார். முந்நூத்தஞ்சுன்னு சொல்லிச்சு, அது நெசம். ஒளிச்சுத் தின்னான்னு சொன்னது யாரு? நீங்க."

"வேறு எப்படி அந்த அளவு வரும் என்று நினைப்பது?"

"எங்க வீட்டு அடுப்பு ஒங்க அடுப்புதானே? எட்டு வருசம் அதுல என்ன வெந்துச்சுன்னு ஒங்ககிட்டதானே இருக்கு? ஒரு நாளாவது தொறந்து பாத்தீங்களா? ஒரு நாள்?"

மண்டபத்தில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். இளவழுதி தன் திரையைத் தொட்டார். எட்டு வருடத்துச் சமையல் வரிசையாக ஓடியது. கம்பு, பயறு, கீரை, கம்பு, பயறு, வெண்டைக்காய்.

"வீட்டில் சரி. வெளியே..."

"வெளிய தின்னது நான்!" பிலோமினா கத்தினாள். "நாலு வருசமா வடையும் நெய்யுமாத் தின்னவ நான். என் மணி பச்சை. என்னைய நல்லவளுன்னு சொல்லி ரெண்டு தடவ பாராட்டுத்தாள் அனுப்பினீங்க. கூழக் குடிச்சுச் செத்தவனச் சுவத்துல மாட்டி, அவன் பிள்ளை முன்னாலயே, அவன் குரலெடுத்து, அவன் சொல்லாதத சொல்ல வச்சீங்க. எம் புருசன் ஒருநாளும் தப்புன்னு ஒத்துக்கிட்டதில்ல, ஏன்னா அவன் தப்புச் செய்யல. நான் கேட்டப்பக்கூட ஒத்துக்கல."

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்தது. அழவில்லை. அழுதால் இரக்கப்பட்டுவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு இருந்தது. அவளுக்கு இரக்கம் வேண்டியிருக்கவில்லை.

வாரியம் பணிந்தது. மன்னிப்பு என்ற சொல் இல்லாமல், 'தரவுத் திருத்தம்' என்ற தலைப்பில் இரண்டு பத்தி அறிக்கை வந்தது. பள்ளிச் சுவரிலிருந்து கஸ்பாரின் படம் இறங்கியது. விடுதி ஆணை ரத்தானது. பிறவிப் பிழை உள்ளவர்களுக்காக ஈரல்வில்லை மீண்டும் பட்டியலில் ஏறியது. கரையில் ஓர் ஆலை, நகரத்தில் இருக்கக்கூடிய நூற்று அறுபது பேருக்கென்று கணித்து அதைச் செய்யத் தொடங்கியது.

அமலி மாத்திரையை விழுங்கினாள். கூழையும் விடவில்லை, சபுரா அதில் கண்டிப்பாக இருந்தாள். ஏழு வாரத்தில் இருநூற்று எண்பத்தாறு நூற்று நாற்பதுக்கு வந்தது. மணி மஞ்சளானது. அன்று மாலை அந்தப் பிள்ளை மணிக்கட்டை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு வீடெங்கும் நடந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறிக்கையின் அடியில் ஒரு சிறு விதி இருந்தது. பிறவிப் பிழை உள்ளவர்கள் வீட்டு அடுப்புக்குப் பூட்டு இல்லை; அவர்கள் மணி சிவந்தாலும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை. ரத்தச் சோதனைக்குக் கூடம் ஒன்றே இருந்ததால், 'குடும்பத்தில் யாரேனும் இதய நோயால் இறந்திருப்பின் அந்த உறுதிமொழியே போதும்' என்றும் எழுதியிருந்தது. சனங்கள் அதற்குக் கஸ்பார் விதி என்று பெயர் வைத்தார்கள்.

முதல் வாரத்தில் அறுபது பேர் உறுதிமொழி கொடுத்தார்கள். இரண்டாம் வாரத்தில் இரண்டாயிரம் பேர். தாத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்தது எல்லோருக்கும் திடீரென்று நினைவுக்கு வந்தது. கடலில் விழுந்து செத்த தாத்தாக்களும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே விழுந்திருந்தார்கள். மூன்று மாதம் முடிவதற்குள் நாற்பதாயிரம் பேரில் முப்பத்தோராயிரம் பேர் பிறவிப் பிழை உள்ளவர்கள் ஆனார்கள். பூட்டில்லாத அடுப்புகளில் எண்ணெய் கொதித்தது. கரையில் மாத்திரை ஆலை இரவும் பகலும் ஓடியது. பரோட்டாக் கடைகள் மறுபடி முளைத்தன. கல்யாண வீடுகளில் பந்தி முடிந்ததும் பீடா கொடுத்த தட்டில் ஈரல்வில்லை வைத்தார்கள். நெய்ச்சோற்றையும் ஆட்டுக்கறியையும் முடித்துவிட்டு, ஆளுக்கொன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். இவர்களுடைய முன்னோர், இரண்டாயிரத்து இருபதுகளில், சர்க்கரை மாத்திரையை ஒரு கையிலும் ஜாங்கிரியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவர்கள். நூறாண்டு கூழும் பூட்டும் அந்தக் கைகளுக்கு எதையும் மறக்கச் செய்யவில்லை.

நான்காம் மாதம் அமலிக்கு மாத்திரை கிடைக்கவில்லை.

ஒன்பது நாள் ஆயிற்று. மஞ்சள் மீண்டும் சிவந்தது. பத்தாம் நாள் காலை பிலோமினா வேலைக்குப் போகாமல் மருந்தகத்துக்குப் போனாள். வரிசை படகுத்துறை வரை நின்றது. நாலு மணி நேரம் கழித்துச் சாளரத்துக்கு அவள் வந்தபோது, முன்னால் நின்றவர் இரண்டு அட்டைகளை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். திரையில் 'இருப்பு இல்லை' என்று வந்தது.

அந்த மனிதர் கையில் எண்ணெய் வடியும் பரோட்டாப் பொட்டலம் இருந்தது. அவளைப் பார்த்து அனுதாபத்தோடு சொன்னார். "நாளைக்கு வாங்கம்மா. என்ன அவசரம்? பாத்தா நல்லாத்தானே இருக்கீங்க."

"எனக்கில்ல அண்ணாச்சி. எம் மவளுக்கு. பதினொரு வயசு. பொறந்ததுலேருந்தே பாதிக் கதவு. ஒரு அட்டை குடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "குடுக்கலாம்மா. ஆனா நாளைக்கு மச்சான் வீட்டுல விசேஷம். கறி விருந்து. எல்லாருக்கும் ரெண்டு ரெண்டாவது வேணும்லா?" என்று சொல்லிவிட்டு, அட்டைகளைச் சட்டைப் பையில் வைத்தார். "எங்களுக்கும் பரம்பரைதான். என்ன செய்ய, ரத்தத்துலயே இருக்கு. அந்தக் கஸ்பார் மட்டும் இல்லைன்னா நாங்கள்லாம் கூழக் குடிச்சே செத்திருப்போம். தெய்வம் மாதிரி மனுசன்."

பிலோமினாவின் கை தானாகப் போனது. அவர் பையிலிருந்து ஓர் அட்டையை உருவிக்கொண்டாள். பொட்டலம் கீழே விழுந்தது. அவர், "ஏ, ஏ, களவாணி!" என்று கத்தினார். வரிசை கலைந்து அவளைச் சுற்றிக்கொண்டது. யாரோ அவள் தோளைப் பிடித்தார்கள். சுற்றிலும் மணிக்கட்டுகள், எல்லாவற்றிலும் சிவப்பு.

"விடுங்க என்னைய! நான் கஸ்பார் பொண்டாட்டி!"

தோளைப் பிடித்திருந்த கை விட்டது. பிறகு சாளரத்துக்கு உள்ளே இருந்த பெண் சலிப்போடு தலையை நீட்டினாள்.

"காலையிலேருந்து நீங்க அஞ்சாவது கஸ்பார் பொண்டாட்டி. போய் வரிசையில நில்லுங்கம்மா. இங்க எல்லாருக்கும் பரம்பரைதான்."